மேடை மாயவித்தையில் பாத்திரம், உடை, நகைச்சுவை மூன்றும் பொருந்தாதபோது: அறிகுறி வழியே பிழை நீக்கும் முறை

வித்தைகள் பிசகின்றி நிகழ்கின்றன, கை தடுமாறவில்லை, கருவி எதுவும் பழுதாகவில்லை. ஆனாலும் நிகழ்ச்சி முடிந்து வெளியே செல்லும் பார்வையாளர்களுக்கு ஒன்றிரண்டு வித்தைகள்தான் நினைவில் நிற்கின்றன, அவற்றைச் செய்தவர் நிற்பதில்லை. இத்தகைய நிகழ்ச்சிகளில் குறை பெரும்பாலும் வித்தையில் இருப்பதில்லை. மேடையில் நிற்பவர் யார், என்ன உடுத்தியிருக்கிறார், எதைச் சொல்லிச் சிரிக்கவைக்கிறார் என்ற மூன்றும் ஒன்றையொன்று மறுத்துக்கொண்டிருக்கின்றன.

இந்தப் பிழையைக் கண்டுபிடிப்பது கடினம். ஏனெனில் அது தென்படும் இடத்திலேயே பிறப்பது அரிது. நகைச்சுவை எடுபடாமல் போனதற்கு அணிந்திருந்த கோட்டு காரணமாக இருக்கலாம். உடை பொருந்தவில்லை என்று தோன்றுவதற்கு முதல் நிமிடத்தில் பேசிய ஒரு வாக்கியம் காரணமாக இருக்கலாம். ஆகவே அவையில் என்ன தெரிகிறது என்பதிலிருந்து தொடங்கிக் காரணத்தை நோக்கிப் பின்னோக்கிச் செல்வதே சரியான வழி.

தொடங்குவதற்கு முன்

நிகழ்ச்சியை முழுமையாக ஒளிப்பதிவு செய்யுங்கள். ஒரு கேமரா மேடையை நோக்கியும், ஏற்பாட்டாளரின் அனுமதியோடு இன்னொன்று அவையை நோக்கியும் இருக்கட்டும். பார்வையாளர்களின் முகம் தெரியாத பதிவைக் கொண்டு கைநேர்த்தியைச் சோதிக்கலாமே தவிர, பாத்திரத்தைச் சோதிக்க முடியாது.

பதிவை முதலில் ஒலி இல்லாமல் பாருங்கள். அங்கே நடமாடும் மனிதர் எத்தகையவர், தம்மீது எவ்வளவு நம்பிக்கை உள்ளவர், எதிரே இருப்பவர்களை எப்படி மதிக்கிறவர் என்று ஒரே வாக்கியத்தில் எழுதிவையுங்கள். அடுத்து, படத்தை மறைத்துவிட்டுக் குரலை மட்டும் கேட்டு அதேபோல் ஒரு வாக்கியம் எழுதுங்கள். இரு வாக்கியங்களும் ஒரே மனிதரைச் சுட்டினால் அடித்தளம் உறுதியாக இருக்கிறது. கம்பீரமான ஒரு பிரபு கண்ணுக்குத் தெரிந்து, பரபரப்பான ஒரு விற்பனையாளர் காதுக்குக் கேட்டால், கீழே வரும் அறிகுறிகளுள் சில உங்கள் நிகழ்ச்சியில் கட்டாயம் இருக்கும்.

இன்னொரு கேள்விக்கும் விடை எழுதிவைக்க வேண்டும். மாயம் நிகழும்போது உங்கள் பாத்திரம் அதற்கு என்ன உறவு? அதை நிகழ்த்துகிறவரா, அவையோடு சேர்ந்து வியக்கிறவரா, அதனிடம் மாட்டிக்கொண்டு திண்டாடுகிறவரா? சானிங் பொல்லாக் (1926–2006) புறாக்களை வரவழைத்தபோது அவர் முகத்தில் வியப்பின் சாயலே இருந்ததில்லை. அவருடைய உலகில் காற்றிலிருந்து புறா வருவது இயல்பான செயல். அதற்கு நேர்மாறாக, கார்டினி (1895–1973) ஒற்றைக் கண்ணாடியும் உயரத் தொப்பியும் மேலங்கியும் அணிந்த, சற்றே மது அருந்திய கனவானாக வந்தார். சீட்டுக்கட்டுகளும் எரியும் சிகரெட்டுகளும் அவரைக் கேளாமலேயே அவர் விரல்களில் முளைத்துக்கொண்டிருந்தன, அவர் அவற்றைத் திகைப்போடு பார்த்தார். இருவரும் மாலை நேரச் சம்பிரதாய உடையிலேயே வந்தார்கள், பேசாமலேயே நிகழ்த்தினார்கள். ஆயினும் ஒருவரிடம் சிரிப்புக்கு இடமில்லை, மற்றவரிடம் சிரிப்பு ஊற்றெடுத்துக்கொண்டே இருந்தது. அந்த வேறுபாட்டை உண்டாக்கியது மாயத்தோடு அவரவருக்கு இருந்த உறவுதான். பாத்திரத்தைப் பற்றி வேறு எதை எழுதாவிட்டாலும் இந்த உறவை எழுதாமல் பழுதுபார்க்கத் தொடங்காதீர்கள்.

ஒரே நிகழ்ச்சியில் உடையையும் பேச்சையும் ஒருசேர மாற்ற வேண்டாம். இரண்டையும் மாற்றியபின் நிலைமை சீரடைந்தால், சீராக்கியது எது என்பது உங்களுக்குத் தெரியாது.

அறிகுறி: மேடையில் காலடி வைத்ததுமே வேண்டாத சிரிப்பு எழுகிறது

முதலில் உடை அளவாக இருக்கிறதா என்று பாருங்கள். தோளில் தொங்கும் கோட்டு, முழங்கையில் சுருங்கும் கை, புழுதி படிந்த காலணி ஆகியவை கம்பீரத்தை அறிவிக்கும் உடையிலிருந்து அந்தக் கம்பீரத்தைப் பிடுங்கிவிடும். இது தையற்காரர் தீர்க்கும் பிரச்சினை.

அளவு சரியாக இருந்தும் சிரிப்பு எழுந்தால், அந்த உடைக்கு இன்று என்ன பொருள் என்று கேட்டுப் பாருங்கள். 1845இல் பாரிஸின் பாலே ரொயால் பகுதியில் தம் அரங்கைத் திறந்த ழான் யூஜின் ரொபேர் ஊதான், அக்காலக் கனவான்கள் மாலை வேளையில் அணிந்த கறுப்பு உடையிலேயே மேடைக்கு வந்தார். மந்திரவாதியின் நீண்ட அங்கியும் கூம்புத் தொப்பியும் பழகிப்போயிருந்த காலத்தில், எதிரே அமர்ந்திருப்பவர் அணிந்திருக்கும் அதே உடையில் அவர் நின்றார். உங்களைப் போன்ற ஒருவன்தான் நான் என்று அந்த உடை சொல்லிற்று. இன்று அதே வால்கோட்டை (பின்புறம் நீண்ட வால்கள் தொங்கும் கோட்டு) அணிந்து வருபவர் அவையில் இருக்கும் எவரைப் போலவும் இருப்பதில்லை. மந்திரவாதி என்ற பழைய படத்தையே அது காட்டுகிறது. துணி மாறவில்லை, அதன் பொருள் தலைகீழாகிவிட்டது. அன்று அந்த உடை செய்த வேலையை 1974இல் பிராட்வே மேடையில் டக் ஹென்னிங்கின் நீண்ட முடியும் மீசையும் சாதாரண உடையும் செய்தன. அவர் தம் தலைமுறையில் ஒருவராகத் தெரிந்தார், மாயத்தைக் கண்டு குழந்தையைப் போல் மகிழ்ந்தார், அந்த மகிழ்ச்சிக்கு வால்கோட்டு ஒத்து வந்திருக்காது.

இதனால் வால்கோட்டை அணியவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அணிந்தால் அதற்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். பாத்திரம் வேறொரு காலத்திலிருந்து வந்தவராக இருக்கலாம், அல்லது தம்மைப் பெரிய மேதையாக எண்ணிக்கொள்பவராக இருக்கலாம். கார்ல் பாலன்டைன் உயரத் தொப்பியும் வால்கோட்டுமாக வந்து ஒவ்வொரு வித்தையிலும் தோற்றார். அந்த உடை வாக்களித்த பெருமைக்கும் நடந்த குளறுபடிக்கும் இடையே இருந்த தூரமே அவருடைய நகைச்சுவை. கந்தல் உடையில் வந்து அவர் தோற்றிருந்தால் அதில் சிரிக்க அதிகம் இருந்திருக்காது.

ஆகவே முரண் இருப்பதே பிழை என்று முடிவு செய்துவிடாதீர்கள். அந்த முரணை முதல் அரை நிமிடத்திற்குள் பாத்திரமே தன் நடத்தையால் உறுதிப்படுத்துகிறதா என்று பாருங்கள். உறுதிப்படுத்தினால் அவை அதை நகைச்சுவையாக ஏற்றுக்கொள்ளும். இல்லையென்றால் அறியாமையாக எண்ணிக்கொள்ளும்.

அறிகுறி: சிரிப்பு நிறைய வருகிறது, வியப்பு வரவில்லை

இது மிகுதியாகக் காணப்படும் பிழை. எளிதில் ஒப்புக்கொள்ளப்படாத பிழையும் இதுதான், ஏனெனில் சிரிப்புச் சத்தம் கலைஞருக்கு நிறைவைத் தந்துவிடுகிறது. பதிவில் ஒவ்வொரு வித்தையும் உச்சத்தைத் தொடும் கணத்தைக் கண்டுபிடித்து, அதற்கு முன்னும் பின்னும் ஐந்து விநாடிகளைக் கவனியுங்கள். அந்த இடைவெளியில் நீங்கள் பேசிக்கொண்டிருந்தால் காரணம் தெரிந்துவிட்டது. பார்வையாளரின் மனம் நடந்ததை உணர்ந்துகொள்ளச் சற்று நேரம் வேண்டும். அந்த நேரத்தில் ஒரு வேடிக்கையான வாக்கியம் விழுந்தால், வியக்கத் தொடங்கியவர் சிரிக்கத் திரும்பிவிடுகிறார். உச்சத்துக்குப் பின் இரண்டு மூன்று விநாடிகள் பேசாமல் நில்லுங்கள். அந்த மௌனம் உங்களுக்கு மிக நீண்டதாகத் தோன்றும், அவைக்கு அப்படித் தோன்றாது. வியப்பு வெளிப்பட்ட பிறகு வரும் நகைச்சுவைக்கு இறுக்கத்தைத் தளர்த்தும் வேலையும் கிடைப்பதால் சிரிப்பு முன்னைவிடப் பெரிதாகவே வரும்.

மௌனத்துக்கு இடம் கொடுத்தும் வியப்பு வரவில்லையென்றால், நகைச்சுவை எதைக் குறிவைக்கிறது என்று பாருங்கள். ‘இதெல்லாம் சும்மா’ என்ற தொனியில் தம் வித்தையையே இகழ்ந்து பேசும் கலைஞர்கள் பலர். பாத்திரமே மதிக்காத ஒன்றை அவை மதிக்காது. தன்னைக் கிண்டல் செய்துகொள்ளும் பாத்திரமாக இருக்கலாம், அதில் தவறில்லை; ஆனால் அவர் கிண்டல் செய்வது தம் உயரத்தையோ மறதியையோ ஆக இருக்கட்டும், நிகழவிருக்கும் மாயத்தை அல்ல. மாயத்தின் முன் அவரும் சிறியவர்தான் என்று தெரிந்தால் மாயம் பெரிதாகும்.

ஆபத்தைக் காட்டும் வித்தைகளில் இது இன்னும் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டிய விதி. 1956இல் இந்திய மாயவித்தைக் கலைஞர் பி.சி.சர்க்கார் பிபிசியின் ‘பனோரமா’ நிகழ்ச்சியில் ஒரு பெண்ணைச் சுழல் ரம்பத்தால் அறுத்துக் காட்டியபின், அப்பெண் எழுந்து வருவதற்கு முன்பே ஒளிபரப்பு முடிந்துவிட்டது. அவள் உண்மையிலேயே இறந்துவிட்டாள் என்று எண்ணிய பார்வையாளர்களின் தொலைபேசி அழைப்புகள் நிலையத்தில் குவிந்தன. அதுவரை அந்த வித்தையில் எதுவும் வேடிக்கையாக நிகழாமல் இருந்ததால்தான் அந்த அச்சம் முழுமையாகப் பற்றிக்கொண்டது என்பது என் கருத்து. ரம்பம் சுழலும்போது ஒரே ஒரு நகைச்சுவை வந்திருந்தாலும் அவள் பிழைத்துக்கொள்வாள் என்பது வீட்டிலிருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆபத்து உண்மை என்று அவை நம்ப வேண்டுமானால், பாத்திரமும் அதை நம்புகிறவராக நடந்துகொள்ள வேண்டும். நகைச்சுவை வேண்டுமென்றால் ஆயத்தத்தின்போது வைத்துக்கொள்ளுங்கள்; ரம்பத்தின் விசை போடப்பட்டபின் வேண்டாம்.

அறிகுறி: நகைச்சுவை வாக்கியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்துவிடுகின்றன

எழுதிவைத்துள்ள ஒவ்வொரு நகைச்சுவை வாக்கியத்தையும் எடுத்து, உங்களிலிருந்து முற்றிலும் வேறான ஒரு கலைஞர் அதை மேடையில் சொல்வதாகக் கற்பனை செய்யுங்கள். அவர் சொன்னாலும் அதே பலன் கிடைக்கும் என்றால் அந்த வாக்கியம் உங்கள் பாத்திரத்துக்குச் சொந்தமானதன்று. இந்தத் தொழிலில் வழிவழியாகக் கைமாறிவரும் வாக்கியங்கள் ஏராளம். அவற்றுள் பலவற்றை அவை ஏற்கெனவே கேட்டிருக்கும். கேட்டிராத அவையிலும், அந்த வாக்கியங்கள் இன்னொருவருடைய குரலில் எழுதப்பட்டவை என்பதால் உங்கள் வாயில் ஒட்டாமல் நிற்கும்.

இதற்குப் புதிய நகைச்சுவைகளைத் தேடிச் செல்வது பயன் தராது. பாத்திரத்தின் குறையைத் தேடிச் செல்வதே பயன் தரும். சிரிப்பு வாக்கியத்தில் இருப்பதைவிடப் பேசுபவரின் பார்வையில்தான் மிகுதியாக இருக்கிறது. தற்பெருமைக்காரர் ஒருவர் தாம் தோற்றதை வெற்றியாக விளக்குவார். அப்பாவி ஒருவர் மிகச் சாதாரணமான பொருளைப் பெரும் செல்வமாகப் பாதுகாப்பார். கண்டிப்பான ஆசிரியர் போன்றவர் மறைந்துபோன சீட்டைக் கடிந்துகொள்வார். மேக் கிங் கட்டம் போட்ட கோட்டில், வெள்ளந்தியான நாட்டுப்புறத்து மனிதராக வருகிறார். அந்தக் கோட்டுக்குரியவர் கூர்மையான கேலிகளை வீசினால் அது அவருக்குப் பொருந்தாது. வியப்பும் பணிவும் கலந்த அவருடைய பேச்சுக்கு அந்தக் கோட்டு முன்கூட்டியே வழி செய்து வைக்கிறது. பாத்திரத்தின் குறையை ஒரு சொற்றொடரில் சொல்ல முடிந்தால், ஒத்திகையின்போதே வாக்கியங்கள் வரத் தொடங்கும். சொல்ல முடியாவிட்டால் உங்களிடம் இருப்பது இன்னும் பாத்திரமன்று, ஒரு தோரணை மட்டுமே.

வேறொன்றையும் சோதித்துவிடுங்கள். உடை நகைச்சுவையை முன்கூட்டியே சொல்லித் தீர்த்துவிடுகிறதா? பளபளக்கும் பெரிய கழுத்துப்பட்டையும் வண்ணக் கால்சட்டையும் ஒருமிக்க ‘நான் வேடிக்கையானவன்’ என்று அறிவித்துவிட்டால், வாக்கியங்கள் அந்த அறிவிப்பை மிஞ்ச வேண்டிய கட்டாயத்துக்கு ஆளாகின்றன. அத்தகைய உடையில் ஒரு பொருளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அடக்கமாக மாற்றுங்கள். டாமி கூப்பரின் (1921–1984) அடையாளமான சிவப்புக் குல்லாய் வழக்கமான கோட்டின் மேல் நின்ற ஒற்றைப் பிசகு. கண்ணுக்கு அவ்வளவு போதுமானதாக இருந்தது. அவருடைய வித்தைகள் திட்டமிட்டுச் சொதப்பப்பட்டவை, ஆனால் அவர் கைதேர்ந்த மாயவித்தைக் கலைஞர், தோல்விகளுக்கு நடுவே எதிர்பாராமல் ஒன்று நேர்த்தியாக நிகழ்ந்துவிடும். தோற்பதை நகைச்சுவையாகக் கொள்ள விரும்புகிறவர்கள் இந்தப் பின்பகுதியை மறந்துவிடக் கூடாது. உண்மையான திறமையின்மைக்கும் நடிக்கப்பட்ட திறமையின்மைக்கும் உள்ள வேறுபாட்டை அவை எங்காவது ஓரிடத்தில் கண்டாக வேண்டும், இல்லாவிட்டால் சிரிப்பு இரக்கமாக மாறிவிடும்.

அறிகுறி: மேடைக்கு அழைக்கப்பட்டவர் இறுகிப்போகிறார், அவையும் அடங்கிவிடுகிறது

அவையின் அன்பு எப்போதும் மேடைக்கு வந்த சாதாரண மனிதரின் பக்கமே இருக்கும். அவர் அவர்களுள் ஒருவர். அவரைக் கேலி செய்யும் ஒவ்வொரு வாக்கியமும் அவை முழுவதையும் கேலி செய்கிறது. கேலி நகைச்சுவைக்கு உரிய பாத்திரங்களும் இருக்கின்றன, ஆனால் அந்தப் பாத்திரங்கள் தம் செருக்குக்காக இறுதியில் விலை கொடுக்கும்போதுதான் அந்தக் கேலி பொறுத்துக்கொள்ளப்படுகிறது. உங்கள் பாத்திரம் வந்தவரைச் சீண்டிக்கொண்டே இருந்து, இறுதியில் வெற்றியும் பெற்று, கைத்தட்டலையும் தனக்கே வாங்கிக்கொண்டால், அங்கே நகைச்சுவை எதுவும் நடக்கவில்லை. வலியவர் எளியவரை வென்ற காட்சிதான் நடந்தது.

திருத்துவதற்கு, வந்தவரோடு நிகழும் உரையாடலை வாக்கியம் வாக்கியமாக எழுதி, ஒவ்வொன்றிலும் சிரிப்புக்கு இலக்காவது யார் என்று குறித்துக்கொள்ளுங்கள். தோற்றம், வயது, பெயர், பேச்சு, திருமண உறவு ஆகியவற்றைத் தொடும் வாக்கியங்களை நீக்கிவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஒருவர் உங்கள் வேண்டுகோளை ஏற்றுப் பல பேர் முன் வந்து நிற்கிறார், அவரைப் பாதுகாப்பது உங்கள் பொறுப்பு. நீக்கிய இடங்களில் இலக்கை உங்கள் பாத்திரத்தின் மீதோ கருவியின் மீதோ திருப்புங்கள். முடிந்தால் மாயம் வந்தவரின் கையிலேயே நிகழட்டும்.

உடையும் இங்கே ஒரு பங்கு வகிக்கிறது. கறுப்பு உடையும் இறுகிய முகமும் கொண்ட பாத்திரத்தின் அருகில் வந்து நிற்பவர், அவர் மென்மையாகப் பேசினாலும், ஓரளவு அஞ்சவே செய்வார். சாத்தானை ஒத்த தாடியும் மீசையும் கொண்டிருந்த அலெக்சாண்டர் ஹெர்மன் (1844–1896) அந்தத் தோற்றத்தோடு குறும்பும் இனிமையும் கலந்த பேச்சை வைத்துக்கொண்டார். அச்சுறுத்தும் தோற்றம் உங்களுக்கு வாய்த்திருந்தால் இந்த வழியைப் பாருங்கள்: வந்தவரை எதிர்கொண்டு அழைத்து, அவர் பெயரைச் சரியாகச் சொல்லி, அவருக்கு இடம் கொடுத்துச் சற்றே பின்வாங்கி நில்லுங்கள்.

அறிகுறி: கடினமான கட்டம் வந்ததும் பாத்திரம் மறைந்துவிடுகிறது

பேச்சு நடுவில் நின்றுவிடுகிறது, குரல் ஒரு படி உயர்கிறது, கண் கைகளின் மீது நிலைத்துவிடுகிறது. கையில் உள்ள செயல் முடிந்ததும் பாத்திரம் திரும்பி வருகிறது. பார்வையாளர்களுக்கு ரகசியம் தெரியாவிட்டாலும், ரகசியம் நிகழ்ந்த இடம் தெரிந்துவிடுகிறது. மாயவித்தைக் கலைஞர் வெறும் கைவேகக்காரர் அல்லர், மந்திரவாதியின் பாகத்தை ஏற்று நடிக்கும் நடிகர் என்று ரொபேர் ஊதான் எழுதியதன் நடைமுறைப் பொருள் இங்கேதான் விளங்குகிறது: நடிப்பு நின்ற கணத்தில் மந்திரவாதி போய்விடுகிறார், கைவேகம் மட்டும் எஞ்சுகிறது.

முதல் தீர்வு, பேசிக்கொண்டே செய்ய முடியாத அசைவை மேடையிலிருந்து எடுத்துவிடுவது. அதே விளைவைத் தரும் எளிய வழி பெரும்பாலும் இருக்கும். அவையை எட்டுவது விளைவு மட்டுமே என்பதால் கடினத்தை விட்டுக்கொடுப்பதில் இழப்பு ஒன்றுமில்லை. இரண்டாவது தீர்வு, அந்தக் கணத்துக்குப் பாத்திரத்தின் வழியாகவே காரணம் கொடுப்பது. மறதிக்காரர் பையில் எதையோ தேடுவதும், பெருமைக்காரர் ஒருவரை நோக்கித் தலையசைப்பதும், பதற்றக்காரர் கையைத் துடைத்துக்கொள்வதும் பாத்திரத்துக்கு இயல்பான செயல்கள்; கைக்குத் தேவையான மறைப்பையும் அவை தந்துவிடுகின்றன. பாத்திரமும் நகைச்சுவையும் கவனத் திருப்பமும் ஒரே செயலில் சேரும் இந்த இடங்கள்தான் இந்தக் கலையின் மிக அழகான இடங்கள் என்று கருதுகிறேன், ஒத்திகை நேரத்தின் பெரும்பகுதியை இவற்றுக்கே ஒதுக்கலாம்.

அறிகுறி: பேச்சில்லா நிகழ்ச்சியில் சிரிப்பதா, கைத்தட்டுவதா என்று அவை தயங்குகிறது

பேச்சு இல்லாதபோது, எப்படி எதிர்வினை காட்ட வேண்டும் என்பதை முகமும் இசையும் மட்டுமே அவைக்குச் சொல்கின்றன. ஒரு விளைவு நிகழ்ந்தபின் உங்கள் கண் எங்கே செல்கிறது என்று பதிவில் பாருங்கள். பொருளையே பார்த்துக்கொண்டிருந்தால் அவையும் அடுத்தது வரட்டும் என்று காத்திருக்கும். பொருளைப் பார்த்து, பாத்திரத்துக்குரிய உணர்வு முகத்தில் தோன்றி, அதன்பின் கண் அவையை நோக்கித் திரும்பினால் எதிர்வினை எழும். ஃபிரெட் காப்ஸ் (1926–1980) கைக்குள் போட்டு மறைத்த உப்பைத் திரும்ப வரவழைக்கும்போது, அது நிற்காமல் கொட்டிக்கொண்டே இருக்கும். அவர் முகம் பெருமிதத்திலிருந்து சங்கடத்துக்கும், சங்கடத்திலிருந்து செய்வதறியாத நிலைக்கும் மாறும். உப்பு கொட்டுவது ஒரே ஒரு விளைவு. அது நகைச்சுவையாக வளர்வது முழுக்க அந்த முக மாற்றங்களால்தான்.

நகைச்சுவையே வேண்டாம் என்று முடிவு செய்வதும் தகுந்த தீர்வு. எல்லா நிகழ்ச்சியும் சிரிக்கவைக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. பாத்திரம் சிரிப்பை ஏற்காதபோது வலிந்து திணிக்கப்படும் ஒரு கண்சிமிட்டல் மற்ற எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

அறிகுறி: உடை அழகாக இருக்கிறது, ஆனால் வேலை செய்ய விடுவதில்லை

வால்கோட்டு மாயவித்தைக்காரர்களின் உடையாக நிலைத்ததற்கு அழகு மட்டும் காரணமன்று. அதன் நீண்ட வால்களும் உட்பகுதியும் பைகளுக்கு இடம் தந்தன. உடையை மாற்றும்போது அந்த இடங்களும் போய்விடுகின்றன. ஆகவே புதிய உடைக்குத் துணி வாங்குவதற்கு முன், எந்தப் பொருள் எங்கிருந்து எந்தக் கையால் எடுக்கப்படுகிறது, எங்கே போகிறது என்ற பட்டியலைத் தையற்காரரிடம் கொடுத்துவிடுங்கள். தைத்து முடித்தபின் பை வைப்பது துணியின் விழுகையைக் கெடுக்கும்.

கையைத் தூக்கும்போது கோட்டு முழுவதும் மேலேறினால் அக்குளில் கூடுதல் துணி வேண்டும். சட்டையோடு உரசும் ஒலிவாங்கி சரசரக்கும். கோட்டின் முன்புறத்தில் கை அடிக்கடி செல்லும் நிகழ்ச்சியானால் காதில் மாட்டும் ஒலிவாங்கியே பொருத்தம். கறுப்புத் திரையின் முன் கறுப்பு உடை உடம்பை விழுங்கிவிடும், முகமும் கைகளும் மட்டுமே தெரியும். அதுவே உங்கள் நோக்கமானால் நல்லது, இல்லையென்றால் விளிம்பு தெரியும்படி பின்னிருந்து விளக்கு வேண்டும். சமிக்கி வைத்த துணி விளக்கொளியைத் தெறிக்கவிட்டு, சீட்டு, நாணயம் போன்ற சிறு பொருள்களிலிருந்து கண்ணைப் பறித்துக்கொள்ளும். சட்டைக் கையை மடித்துவிட்டு எதுவும் மறைந்திருக்கவில்லை என்று காட்டும் பழக்கம் உழைப்பாளியின் சாயலுள்ள பாத்திரத்துக்குப் பொருந்தும், பிரபுவுக்குப் பொருந்தாது. அவருக்குக் கையோடு ஒட்டித் தைத்த சட்டை அதே வேலையைச் செய்யும். இவை எல்லாம் உடையோடும் காலணியோடும் செய்யும் முழு ஒத்திகையில் மட்டுமே வெளிப்படும்.

அறிகுறி: பிற மக்களின் உடையும் சாயலும் அவையைச் சங்கடப்படுத்துகின்றன

மாயவித்தைக்குக் கீழைநாட்டு மர்மத்தை வேடமாகப் பூட்டும் வழக்கம் நீண்ட காலம் இருந்தது. வில்லியம் எல்ஸ்வொர்த் ராபின்சன் (1861–1918) என்ற அமெரிக்கர், சிங் லிங் ஃபூ என்ற உண்மையான சீனக் கலைஞரின் நிகழ்ச்சியைப் பின்பற்றி, சுங் லிங் சூ என்ற பெயரில் சீனராக வாழ்ந்து காட்டினார். மேடையில் ஆங்கிலம் பேசுவதையே தவிர்த்தார். 1918இல் லண்டனில் தோட்டாவைப் பிடிக்கும் வித்தையில் குண்டடிபட்டு விழுந்தபோதுதான் அவையின் முன் அவர் ஆங்கிலம் பேசினார். தொழில்நுட்பத்தில் அவர் பெரிய கலைஞர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த வழியை இன்று எடுக்கக் கூடாது. ஒரு மக்களின் உடையையும் உச்சரிப்பையும் மர்மமாகவோ வேடிக்கையாகவோ காட்டும்போது, சிரிப்புக்கு இலக்காவது பாத்திரமன்று, அந்த மக்கள். சர்க்கார் மகாராஜாவின் தலைப்பாகையோடும் சரிகை அங்கியோடும் நின்றபோது, அவர் தம் நாட்டு மரபையே உலகுக்கு முன் பெரிதாக்கிக் காட்டினார். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. இந்த அறிகுறி தெரிந்தால் உடையில் சிறு மாற்றங்கள் போதாது, பாத்திரத்தையே விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

அறிகுறி: இருவர் நிகழ்த்தும்போது யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லை

இருவரையும் வேறுபடுத்தும் பண்பு ஒன்று போதும். பென், டெல்லர் இருவரும் ஒரே மாதிரிச் சாம்பல்நிறக் கோட்டு அணிகிறார்கள்; ஒருவர் ஓயாமல் பேசுகிறார், மற்றவர் பேசுவதில்லை. உடை ஒன்றாக இருப்பதால் நடத்தையின் வேறுபாடு துலக்கமாகத் தெரிகிறது.

அறிகுறி: ஒவ்வொரு வித்தையும் தனித்தனியே நன்றாக இருக்கிறது, ஆனால் வேறுவேறு ஆட்கள் செய்ததுபோல் இருக்கிறது

கருவிகளை மேசையில் வரிசையாக வைத்துப் பாருங்கள். இந்தப் பாத்திரம் இந்தப் பொருளை எங்கே பெற்றிருப்பார், ஏன் வைத்திருப்பார் என்று ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள். அரண்மனை மனிதரின் கையில் பளீரென்ற பிளாஸ்டிக் பெட்டிக்கு விடை கிடைக்காது. வேறு துணி போர்த்தியோ மறுவண்ணம் பூசியோ பொருத்த முடிந்தவற்றைப் பொருத்துங்கள். முடியாதவற்றை, எவ்வளவு பலத்த கைத்தட்டல் வாங்கித் தந்தவையாக இருந்தாலும், ஒரு முறை எடுத்துவிட்டு நிகழ்த்திப் பாருங்கள். அந்த வித்தை இல்லாமல் மற்றவை வலுப்பெற்றால் அது திரும்பி வர வேண்டாம்.

எல்லாக் கருவிகளும் பொருந்தியபின்னும் துண்டு துண்டாகத் தோன்றினால், திரும்பத் திரும்ப வரும் ஒன்று தேவைப்படுகிறது. சர்க்காரின் நிகழ்ச்சியில் காலியாகக் கவிழ்த்துக் காட்டப்பட்ட சொம்பிலிருந்து இடையிடையே மீண்டும் மீண்டும் நீர் வந்துகொண்டே இருந்தது. இத்தகைய தொடரும் நகைச்சுவை உங்கள் பாத்திரத்தின் குறையிலிருந்து பிறந்ததாக இருக்கட்டும். மூன்று அல்லது நான்கு முறை வரட்டும், ஒவ்வொரு முறையும் முன்னதைவிடச் சுருக்கமாக நிகழட்டும், கடைசி முறை மட்டும் எதிர்பாராத இடத்திலிருந்து வரட்டும். மாற்றிய நிகழ்ச்சியை முந்தைய அளவுள்ள, முந்தைய வயதினர் உள்ள அவையின் முன் நிகழ்த்தி, ஒலியில்லாமல் ஒருமுறையும் படமில்லாமல் ஒருமுறையும் அந்தப் பதிவைச் சோதித்து, முதலில் எழுதிவைத்த இரு வாக்கியங்களை மறுபடியும் எழுதுங்கள். அந்த வாக்கியங்கள் இன்னும் இருவரைச் சுட்டினால் உடைக்கு முன் பேச்சைத் திருத்துங்கள், அதற்குச் செலவும் குறைவு, மறுநாளே மாற்றிவிடவும் முடியும்.